கிளாரா என்பது ஒரு பெண்ணின் பெயர் அல்ல

எங்கள் ஆயா, அதாவது என் அம்மாவைப் பெற்றவர், தம்முடைய தாத்தாவைப் பற்றிப் பேச்சு எடுக்கும்போதெல்லாம் "கில்ரச்சு, கிளேரு" என்று இரண்டு சொற்களைச் சேர்த்தே சொல்லுவார். அவை என்ன சொற்கள் என்று அவருக்கும் தெரியாது. அவருடைய அப்பா அப்படித்தான் சொல்லிக் கேட்டிருக்கிறார், அதனால் இவரும் சொன்னார். அம்மாவின் காதில் 'கிளேரு' என்பது கிளாராவாக விழுந்தது. வெள்ளைக்காரத் தாத்தாவுக்கு இங்கே வருவதற்கு முன்பே கிளாரா என்றொரு மனைவி இருந்திருக்க வேண்டும், அவளை விட்டுவிட்டுக் கப்பலேறியிருக்க வேண்டும் என்று ஒரு கதையே எங்கள் வீட்டில் உருவாகிவிட்டது. இல்லாத அந்தப் பெண்ணுக்காக அம்மா சில நேரங்களில் வருந்தியதைக்கூட நான் பார்த்திருக்கிறேன்.

ஆயா அரக்கோணம் ரயில்வே காலனியில் பிறந்த ஆங்கிலோ இந்தியப் பெண். ஏகாம்பரகுப்பம் நிலையத்தில் சரக்குப் பிரிவில் எழுத்தராக இருந்த தமிழ்க் கத்தோலிக்கரான என் தாத்தாவை மணந்து நகரிக்கு வந்துவிட்டதால், அவருடன் பிறந்தவர்கள் எல்லோரும் ஆஸ்திரேலியாவுக்குக் குடியேறியபோதும் அவர் மட்டும் இங்கேயே தங்கிவிட்டார். நகரி மலையின் மூக்கு போன்ற பாறை தெரிகிற வீட்டில் தமிழும் தெலுங்கும் பேசி, ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஆங்கிலத்தில் செபமாலை சொல்லி வாழ்ந்து முடித்தார். அவர் விட்டுச் சென்ற தகரப் பெட்டியில் ஒரு செபப் புத்தகம் இருந்தது. அதன் முன் அட்டைக்கு அடுத்த வெற்றுத் தாளில், மை பழுப்பேறிப்போன சாய்வெழுத்தில், ஆயாவின் தாத்தாவான அந்த ஐரிஷ்காரர் தம் பிள்ளைகளின் பெயர்களையும் அவர்கள் ஞானஸ்நானம் பெற்ற நாட்களையும் எழுதி வைத்திருந்தார். என் தேடல் அந்தத் தாளில்தான் தொடங்கியது. பல ஆண்டுகள் அலைந்து திரிந்த பிறகு அதே தாளுக்குத்தான் திரும்பியும் வந்தது. எங்கள் குடும்பப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அந்தப் பெயரைத் தாங்கிய உறவினர்கள் பலர் இன்று மூன்று கண்டங்களில் வாழ்கிறார்கள்.

முதலில் நான் செய்த பிழையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தத் தேடலில் இறங்குகிற பலரும் அதையே செய்கிறார்கள். அவர் அயர்லாந்துக்காரர் என்றால் அயர்லாந்தில்தான் தேட வேண்டும் என்று எண்ணி, அந்நாட்டுப் பதிவுகளை வைத்திருக்கும் இணையதளங்களில் பெயரைத் தட்டிப் பார்த்தேன். ஒரே பெயரில் நூற்றுக்கணக்கானோர் வந்து நின்றார்கள். கட்டணம் கட்டிச் சேர்ந்த ஒரு தளம், அமெரிக்காவில் இறந்துபோன யாரோ ஒருவரை எங்கள் முன்னோர் என்று அடித்துச் சொன்னது. கடல் கடந்து போனவனின் ஊர் எது என்பதை அவன் புறப்பட்ட நாட்டில் தேடிக் கண்டுபிடிப்பது அரிது, அவன் வந்து சேர்ந்த நாட்டின் காகிதங்களில்தான் அது எழுதப்பட்டிருக்கும் என்பதை உணர எனக்கு நான்கு ஆண்டுகள் பிடித்தன.

இதற்கு ஒரு துயரமான காரணமும் உண்டு. அயர்லாந்தின் பொதுப் பதிவேட்டுக் காப்பகம் டப்ளின் நகரில் 'ஃபோர் கோர்ட்ஸ்' என்னும் நீதிமன்ற வளாகத்தில் இருந்தது. உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், 1922 ஜூன் 30 அன்று, அது வெடித்துத் தீப்பற்றியது. பல நூற்றாண்டுகளின் ஆவணங்கள் சாம்பலாயின, எரிந்த காகிதத் துண்டுகள் நகரத்தின் மேல் பறந்து விழுந்தன. 1821 முதல் 1851 வரை எடுக்கப்பட்ட மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் மிகச் சில பகுதிகள் தவிர மற்றவை அன்றே போயின. 1861, 1871ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புகளை அரசே முன்பு அழித்துவிட்டிருந்தது. 1881, 1891ஆம் ஆண்டுகளுக்குரியவை முதல் உலகப்போர்க் காலத்தில் காகிதக் கூழாக அரைக்கப்பட்டன. முழுமையாகக் கிடைக்கும் முதல் கணக்கெடுப்பு 1901ஆம் ஆண்டினுடையது, அதற்குள் எங்கள் முன்னோர் அரக்கோணத்துக் கல்லறையில் உறங்கிக்கொண்டிருந்தார். பிறப்பு இறப்பைப் பதிவு செய்வது அங்கே எல்லோருக்குமாகத் தொடங்கியதும் 1864இல்தான். அவர் பிறந்ததோ அதற்கு 30 ஆண்டுகளுக்கு முன்பு.

ஆனால் நம் பக்கத்தில் நிலைமை வேறு. கும்பினி, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனி, ஆட்சியில் பாதிரியார்கள் நடத்திய ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் பதிவுகளுக்குப் படிகள் எடுக்கப்பட்டு ஆண்டுதோறும் லண்டனுக்கு அனுப்பப்பட்டன. மதராஸ் மாகாணத்துக்கு அவ்வாறு அனுப்பப்பட்டவை 1698ஆம் ஆண்டு தொடங்கி பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய அலுவலகப் பதிவுகளில் இருக்கின்றன. கத்தோலிக்கப் பதிவுகள் அவற்றில் முழுமையாக இல்லை, அவற்றுக்கு அந்தந்தக் கோயிலைத்தான் நாட வேண்டும். பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்கள் சங்கம் என்கிற, 'ஃபிபிஸ்' எனச் சுருக்கமாக அழைக்கப்படுகிற அமைப்பு, இவற்றிலிருந்து எடுத்த பெயர்களை யார் வேண்டுமானாலும் கட்டணமின்றித் தேடும்படி வைத்திருக்கிறது. படைவீரர்களைப் பற்றிய கும்பினியின் பேரேடுகளும் லண்டனிலேயே உள்ளன.

அந்தப் பேரேட்டில்தான் அவரைக் கண்டேன். மெல்போர்னில் இருக்கும் ஆயாவின் தங்கை வழி உறவினர் ஒருவர் லண்டன் சென்றபோது எனக்காகப் பார்த்துப் படம் எடுத்து அனுப்பினார். 1851இல் பீரங்கிப் படைக்கு ஆளெடுக்கப்பட்டவர்களின் வரிசை அது. வயது 19. தொழில் கூலி. உயரம் 5 அடி 6 அங்குலம். கண்கள் சாம்பல் நிறம், தலைமுடி பழுப்பு. அதற்கு அடுத்த கட்டத்தில், பிறந்த இடம் என்ற தலைப்பின் கீழ், கில்ரஷ் பங்கு, கிளேர் மாவட்டம் என்று எழுதியிருந்தது. பங்கு என்பது ஒரு கிறிஸ்தவக் கோயிலைச் சேர்ந்த வட்டாரம்.

கைப்பேசித் திரையில் அந்த இரண்டு சொற்களையும் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, சமையலறையில் இருந்த அம்மாவிடம் போய் உரக்கப் படித்துக் காட்டினேன். அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "அப்படியென்றால் கிளாரா?" என்று கேட்டார். கிளாரா ஒரு மாவட்டம் என்று சொன்னேன். அயர்லாந்தின் மேற்குக் கரையில், ஷானன் ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தின் வடகரையில் கிடக்கும் மாவட்டம் கிளேர். கில்ரஷ் அதன் துறைமுக ஊர். எழுதப் படிக்கத் தெரிந்தவர்களின் காகிதங்கள் எல்லாம் தொலைந்தும் சிதைந்தும் போயிருக்க, பொருள் அறியாமலே மூன்று தலைமுறையாகச் சொல்லப்பட்டு வந்த இரண்டு சொற்கள் ஓர் எழுத்துகூடப் பெரிதாகப் பிசகாமல் வந்து சேர்ந்திருந்தன. வீட்டுப் பெரியவர்கள் பொருளில்லாமல் முணுமுணுக்கும் சொற்களை அப்படியே, திருத்தாமல், அவர்கள் உச்சரிக்கிறபடியே குறித்து வையுங்கள் என்று இதைப் படிக்கிற ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்கிறேன்.

அவர் ஏன் கும்பினிப் படையில் சேர்ந்தார் என்பதற்கு அந்த ஆண்டும் அந்த ஊருமே விடை. 1830ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் படையினரில் நூற்றுக்கு 40க்கும் மேற்பட்டோர் ஐரிஷ்காரர்களாக இருந்தார்கள், கும்பினியின் ஐரோப்பியப் படைகளிலும் அவர்கள் திரளாக இருந்தார்கள். அது வறுமையின் கணக்கு. 1845இல் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியதும் தொடங்கிய பஞ்சத்தில் ஏறத்தாழ 10 லட்சம் பேர் மாண்டார்கள், ஏறத்தாழ அதே அளவினர் நாட்டை விட்டு வெளியேறினார்கள். அதிலும் கில்ரஷ் வட்டாரம் பட்ட பாடு தனி. கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவன் அதை ஒப்படைத்தாலொழிய நிவாரணம் பெற முடியாது என்று 1847ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று விதித்தது. நிலக்கிழார்களின் ஆட்கள் குடியானவர்களை ஆயிரக்கணக்கில் வெளியேற்றி, திரும்பி வந்து குடியேறிவிடாதபடி வீடுகளை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். அங்கே நிவாரண ஆய்வாளராக இருந்த கேப்டன் ஆர்தர் கென்னடி அந்த இடிப்புகளைப் பற்றி மேலிடத்துக்கு எழுதிய அறிக்கைகள் அச்சாகியிருக்கின்றன.

எங்கள் குடும்பத்துக்கும் அதுதான் நடந்தது என்பதை இரண்டு வரிப் புத்தகங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபோது அறிந்துகொண்டேன். கத்தோலிக்கக் குடியானவர்களிடமிருந்தும் புராட்டஸ்டன்ட் அரசுத் திருச்சபைக்காக வாங்கப்பட்ட தசமபாக வரியின் கணக்குகள் 1823 முதல் 1838 வரை எழுதப்பட்டவை. ரிச்சர்ட் கிரிஃபித் என்பவர் தலைமையில் நாடு முழுவதும் நடந்த நில மதிப்பீடு 1847 முதல் 1864 வரை வெளியானது. கணக்கெடுப்புகள் எரிந்துபோன நாட்டில் இவ்விரண்டும்தான் குடும்பத் தலைவர்களின் பெயர்ப் பட்டியலாக எஞ்சியிருக்கின்றன. இரண்டையும் இணையத்தில் காசின்றிப் பார்க்கலாம். முதல் புத்தகத்தில், கில்ரஷ் பங்கில் ஒரு 'டவுன்லேண்ட்'டில், அவருடைய தந்தையின் பெயர் சில ஏக்கருக்கு உரியவராக இருக்கிறது. இரண்டாவது புத்தகத்தில் அதே இடத்தில் அந்தக் குடும்பப் பெயரே இல்லை. அந்த நிலம் மேய்ச்சல் நிலமாகப் பெரிய பண்ணையொன்றில் சேர்ந்துவிட்டது.

டவுன்லேண்ட் என்பதை ஊர் என்று மொழிபெயர்க்க எனக்கு மனமில்லை. பல இடங்களில் அது நம் குக்கிராமத்தை விடச் சிறியது. சில நூறு ஏக்கர் நிலமும் அதற்கொரு பெயரும்தான் அது. அயர்லாந்தில் அப்படி 60,000க்கும் மேற்பட்டவை இருக்கின்றன. கில் என்று தொடங்கினால் பெரும்பாலும் அங்கே கோயில் இருந்தது, நாக் என்றால் குன்று, பாலி என்றால் குடியிருப்பு, டெரி என்றால் ஓக் மரத்தோப்பு. குப்பம், பாக்கம், மங்கலம் என்று கேட்டவுடன் நமக்கு ஒரு நிலக்காட்சி தோன்றுவதைப் போன்றதுதான் இது. எழும்பூரை எக்மோர் ஆக்கிய அதே ஆங்கிலக் காதுகள்தான் அந்தப் பெயர்களையும் கேட்டு எழுதின. ஆகவே ஒரே இடம் நான்கைந்து எழுத்துக்கூட்டலில் வரும். நில எல்லையும் மாவட்டமும் மாறுவது நமக்குப் பழக்கமானதே. ஆயாவின் அப்பாவுடைய ஞானஸ்நானச் சீட்டில் வட ஆர்க்காடு என்றிருக்கும் இடம் 1911இல் சித்தூர் மாவட்டமாயிற்று, பிறகு ஆந்திரமாயிற்று. அந்த இடமோ அசையாமல் இருந்த இடத்திலேயே இருந்தது.

இனிக் கதையில் எனக்கு மிகவும் நெருக்கமான பகுதி. கத்தோலிக்கக் கோயில்களின் பதிவேடுகள் 1922இல் டப்ளின் காப்பகத்துக்குக் கொண்டுபோகப்படாமல் அந்தந்தப் பங்கிலேயே இருந்ததால் தப்பித்தன. அயர்லாந்தின் தேசிய நூலகம் 2015இல் அவற்றின் படங்களைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. கில்ரஷ் பங்கின் பக்கங்களை இரவுகளில் ஒவ்வொன்றாகப் புரட்டினேன். 1830இலும் 1832இலும் ஒரே பெயருள்ள இரண்டு குழந்தைகள் இருந்தார்கள். இருவருடைய தந்தையரின் பெயரும் ஒன்றே. ஒருவனின் தாய் பிரிஜிடா, மற்றவனின் தாய் ஹனோரியா. படையில் சேருகிறவர்கள் வயதைக் கூட்டியும் குறைத்தும் சொல்வது வழக்கம் என்பதால் 19 என்ற எண்ணை நம்பி முடிவெடுக்க முடியாது.

அப்போதுதான் ஐரிஷ்காரர்களின் பெயரிடும் வழக்கத்தைப் பற்றிப் படித்தேன். முதல் மகனுக்குத் தந்தையின் தந்தை பெயர், இரண்டாம் மகனுக்குத் தாயின் தந்தை பெயர். முதல் மகளுக்குத் தாயின் தாய் பெயர், இரண்டாம் மகளுக்குத் தந்தையின் தாய் பெயர். நமக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. பெயரன் என்பதுதானே பேரன் ஆயிற்று. தாத்தாவின் பெயரைத் தாங்குபவன் எவனோ அவனே பேரன். ஐரிஷ்காரர்களின் குடும்பப் பெயர்களுக்கு முன்னால் நிற்கிற அந்த 'ஓ' என்ற ஒற்றை எழுத்துக்கும் பேரன், வழித்தோன்றல் என்பதே பொருள்.

செபப் புத்தகத்தின் தாளை மறுபடி எடுத்தேன். இரண்டாம் மகளின் பெயர் ஹனோரா. ஆயா 'நோரா ஆன்ட்டி' என்று சொல்லிக்கொண்டிருந்த அத்தை அவர்தான், அயர்லாந்தில் ஹனோராவைச் சுருக்கி அழைப்பதே நோரா. ஆக, 1832இல் ஹனோரியா பெற்ற பிள்ளையே எங்கள் முன்னோர் என்று நான் கொள்கிறேன். இது நீதிமன்றத்தில் நிற்கும் சான்று அல்ல என்று எவரேனும் சொன்னால் மறுக்கமாட்டேன். ஆனால் கில்ரஷ்ஷிலிருந்து கப்பலேறிய ஒரு கூலித் தொழிலாளி, பல ஆயிரம் மைலுக்கு அப்பால், தன் இரண்டாம் மகளைக் கையில் வாங்கியபோது யாரை நினைத்தார் என்பதை அந்தத் தாளில் காண்கிறேன்.

முறைப்படி பார்த்தால் முதல் மகளுக்கு மனைவியின் தாயுடைய பெயர் வர வேண்டும். தாளில் அந்தப் பெண்ணின் பெயர் மேரி என்று தொடங்கி, அதன் பின்னால் ஆங்கில எழுத்துகளில் இன்னொரு சொல் இருந்தது. குழந்தையாக இருந்தபோது வளர்த்த தாதி கூப்பிட்ட செல்லப் பெயராக இருக்கும் என்று எங்கள் வீட்டில் அதைப் பொருட்படுத்தியதே இல்லை. எழுத்துகளைக் கூட்டி வாய்விட்டுப் படித்தேன். மங்கம்மா.

திருச்சானூர் அலமேலு மங்கையின் பெயர் அது. எங்கள் பக்கத்தில் தெலுங்கு வீட்டிலும் தமிழ் வீட்டிலும் தலைமுறைக்கு ஒருத்தியாவது அந்தப் பெயரோடு இருப்பாள். ஐரிஷ்காரரின் மனைவியைப் பற்றி எங்களுக்குக் கிடைத்திருந்ததெல்லாம் திருமணப் பதிவில் உள்ள அவருடைய ஞானஸ்நானப் பெயர் மட்டுமே. தந்தையின் பெயருக்குரிய கட்டம் வெறுமையாக விடப்பட்டிருந்தது, ஊர் இல்லை. கணவருக்கு உயரமும் கண்ணின் நிறமும்கூட எழுதி வைத்திருக்கிறார்கள். எந்தப் பேரேட்டிலும் இடம் கொடுக்கப்படாத, அந்த மனைவியின் தாயுடைய பெயரை, தம் நாட்டு வழக்கத்தை விடாமல் கடைப்பிடித்த அந்த மருமகன் ஒரு செபப் புத்தகத்தின் வெற்றுத் தாளில் காப்பாற்றி வைத்திருக்கிறார் என்று உணர்ந்தபோது, அன்றைக்கு வேறு எந்த வேலையும் ஓடவில்லை. அயர்லாந்தைத் தேடிப் போன எனக்கு முதலில் கிடைத்தவர் ஒரு மங்கம்மா.

அந்த ஐரிஷ்காரரின் பிற்காலத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நல்ல துறைமுகம் இல்லாத மதராஸில், அலையைக் கடக்கும் மசூலாப் படகில் கரை இறங்கி, பரங்கிமலையில் இருந்த மதராஸ் பீரங்கிப் படையின் தலைமையிடத்தில் சேர்ந்தார். 1858இல் கும்பினி ஆட்சி முடிந்து படைகள் அரசியின் கீழ் சென்றபோது, தாங்கள் சேர்ந்தது கும்பினிக்காகவே என்று முறையிட்ட ஐரோப்பிய வீரர்களில் ஆயிரக்கணக்கானோர் விடுவிக்கப்பட்டார்கள். அவரும் அப்போது விலகி, மதராஸ் ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பு வேலையில் அமர்ந்தார். இராயபுரத்திலிருந்து அரக்கோணம் வழியாக வாலாஜா வரை 1856இல் ரயில் ஓடத் தொடங்கியிருந்தது, அரக்கோணத்தில் பிரிந்து ரேணிகுண்டா, கடப்பை வழியாக ராய்ச்சூரை எட்டும் பாதை 1871இல் முடிந்தது. அந்தப் பாதையின் ஓரத்திலேயே அவருடைய பிள்ளைகள் எல்லோரும் பிறந்தார்கள்.

ஆயாவின் அப்பா தாது வருஷத்துப் பிள்ளை. "பஞ்சத்திலே பிறந்தவர், அதனாலே சோற்றை வீணாக்க விடமாட்டார்" என்று ஆயா சொல்லுவார். அந்தத் தாது வருஷம், அதாவது 1876, என்ற ஒரு குறிப்பை வைத்துத்தான் அவருடைய ஞானஸ்நானப் பதிவை ஓர் அரை மணி நேரத்தில் கண்டெடுத்தேன். மதராஸ் மாகாணத்தில் லட்சக்கணக்கானோரைக் கொன்ற பஞ்சம் அது. ரயில் நிலையங்களில் தானிய மூட்டைகள் கிடக்க, வாங்கக் காசில்லாத மக்கள் பாதையோரங்களில் விழுந்து இறந்தார்கள். பதினைந்து வயதில் ஒரு பஞ்சத்தையும் நாற்பத்து நான்கு வயதில் இன்னொரு பஞ்சத்தையும் கண்ட அந்த மனிதர், தாம் பராமரித்த தண்டவாளத்தின் மீது தானிய வண்டிகள் போவதைப் பார்த்தபோது என்ன நினைத்திருப்பார் என்று நான் பலமுறை எண்ணியிருக்கிறேன். அயர்லாந்திலிருந்தும் பஞ்ச காலத்தில் தானியம் கப்பலேறிக்கொண்டுதான் இருந்தது.

சென்ற கல்லறைத் திருநாளன்று அம்மாவை அரக்கோணத்துக்கு அழைத்துச் சென்றேன். கல்லில் படர்ந்திருந்த பாசியைத் தேங்காய் நாரால் தேய்த்து நீர் ஊற்றியதும், பெயருக்குக் கீழே 'அயர்லாந்தில் பிறந்தவர்' என்ற வரி தெளிவாயிற்று. பக்கத்தில் கல் ஏதும் இல்லாத மேடு ஒன்று இருக்கிறது. அவருடைய மனைவி அங்கேதான் என்று ஆயா காட்டியதாக அம்மா சொன்னார். இரண்டிலும் மெழுகுவர்த்தி ஏற்றினோம்.

அந்தக் காலத்தில் திருமணத்துக்காகத் திருமறையில் சேரும் பெண்களுக்குத் திருமணத்துக்குச் சில நாள் முன்பு ஞானஸ்நானம் கொடுக்கும் வழக்கம் இருந்தது. வளர்ந்தவர்களின் ஞானஸ்நானத்தைப் பதியும்போது, குழந்தைக்கு எழுதாத விவரங்களையும் எழுதுகிற பங்குத் தந்தைகள் உண்டு: வயது, பெற்றோர் பெயர், ஊர். திருமணம் நடந்த கோயிலின் அந்த ஆண்டுகளுக்குரிய பதிவேட்டின் ஓரங்கள் செல்லரித்திருந்தாலும் உள் பக்கங்கள் நன்றாகவே இருப்பதாகப் பங்குத் தந்தை தொலைபேசியில் சொன்னார். தவக்காலம் முடிந்த பிறகு வந்து பார்க்கலாம் என்று அனுமதியும் தந்திருக்கிறார். தாயின் பெயர் என்ற கட்டத்தில் மங்கம்மா என்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் அதற்கு அடுத்த கட்டத்தில் ஊர் இருக்கும்.